கடலை நோக்கிச் சாய்ந்த தோட்டங்களில் காற்றுக்கும் மழைக்கும் ஏற்ற சீர்திருத்தம்

தூத்துக்குடி மாவட்டத்தின் தென்பகுதியில், திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் முதலிய ஊர்களைச் சுற்றிலும், தேரி என்று வழங்கும் செம்மணல் மேடுகள் கடற்கரைக்கு அருகே பரந்து கிடக்கின்றன. இம்மேடுகளிலிருந்து கடலை நோக்கிச் சரிந்திறங்கும் நிலங்களில் பனை, முருங்கை, முந்திரி, தென்னை முதலியவற்றைப் பயிரிட்டுக் குடியானவர்கள் நெடுங்காலமாக ஜீவித்து வருகின்றனர். ஆயினும் இத்தோட்டங்களில் பல, ஆண்டுதோறும் செலவை வாங்கிக்கொண்டு அதற்கேற்ற பலனைக் கொடாமலிருப்பதை எவரும் காணலாம். ஐப்பசியில் நட்ட கன்று மார்கழியில் இலை கருகி நிற்கிறது. தப்பிப் பிழைத்தது ஆடியில் மணலால் மூடப்படுகிறது அல்லது வேர் தெரிய வெறுமையாக நிற்கிறது. மறு ஆண்டு மீண்டும் கன்று வாங்கி அதே குழியில் நடுகிறார்கள்.

இவ்வித நஷ்டத்திற்குக் கன்றின் மேலோ, நாற்றுப் பண்ணையின் மேலோ, மண்ணின் மேலோ பழி கூறுவது வழக்கமாயிருக்கிறது. உண்மையில் குறை பெரும்பாலும் வேலையின் வரிசையிலேயே இருக்கிறது. காற்றுக்கு யாதொரு ஏற்பாடும் செய்யாமல், மழைநீரையும் அதன் போக்கில் ஓடவிட்டு, முதல் வேலையாகப் பயிரை நட்டுவிடுகிறோம். முதலில் காற்று, அடுத்து மழைநீர், அதன் பின்னரே பயிர் என்ற வரிசையை மேற்கொண்டால், இதே நிலம் வேறு விதமாக நடந்துகொள்ளும். அதற்கு வேண்டிய முறைகளை இக்கட்டுரையில் விவரிப்போம்.

இரு காற்றுகள்

இக்கரையில் தோட்டத்தைத் தாக்கும் காற்றுகள் இரண்டு. ஒன்று மேல்காற்று. இது ஏறக்குறைய வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆவணி, புரட்டாசி வரையில் மலைக் கணவாய்களின் வழியாகப் புகுந்து, வறண்ட சமவெளியைக் கடந்து, கடலை நோக்கி வீசுகிறது. இதில் ஈரமில்லை. இது மண்ணின் ஈரத்தைக் குடிப்பதோடு, மேல்மண்ணிலுள்ள நுண்ணிய பாகத்தை எடுத்துச் சென்று பருமணலை மட்டும் விட்டுவிடுகிறது. உரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சக்தி அந்த நுண்ணிய பாகத்திற்கே உண்டு. ஆகையால் மேல்காற்று கொண்டுபோவது வெறும் தூசியல்ல. போன ஆண்டு நாம் இட்ட எருவையே அது கொண்டுபோகிறது.

மற்றொன்று ஐப்பசி முதல் தை வரையில் கடலிலிருந்து வரும் கொண்டலும் வாடையும். மழையைத் தருவது இக்காலமே. ஆனால் அலைகளிலிருந்து எழும் உப்புத் துளிகளும் இக்காற்றிலேயே வருகின்றன. அவை இளந்தளிரில் படிந்து நுனியைக் கருக்கிவிடும். கரையோர மரங்களின் கடற்புறக் கிளைகள் குட்டையாகவும், நிலப்புறக் கிளைகள் நீண்டும் இருப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

ஆதலால் இந்நிலங்களுக்கு ஒரு பக்கத்தில் மட்டும் காப்பு வைத்தல் போதாது. மேல் ஓரத்தில் மேல்காற்றுக்கும், கீழ் ஓரத்தில் கடற்காற்றுக்கும் காப்பு வேண்டும். எந்த வேலையையும் தொடங்குமுன் ஓராண்டு காலம் நிலத்தைக் கவனித்தல் நலம். தோட்டத்தில் ஐந்தாறு இடங்களில் கம்பு நட்டு, துணிக் கிழிசல்களைக் கட்டிவிட்டால், காற்று எம்மூலையில் புகுந்து எவ்வழியே வெளியேறுகிறது என்பது தெரியும். வேலியின் எந்தப் பக்கத்தில் மணல் குவிகிறது, எந்த மரம் எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறது, எந்த இடத்தில் நாணலும் புல்லும் தாமே முளைத்திருக்கின்றன என்பவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

காற்றைத் தளர்த்துதல்

காற்று அதிகமென்று கண்டவுடன் கெட்டியான மதிற்சுவர் எழுப்பலாமென்று வசதியுள்ள நிலச்சொந்தக்காரர்கள் சிலர் எண்ணுவதுண்டு. இது பணத்திற்கும் கேடு, பயிருக்கும் கேடு. காற்றுக்கு வழியே இல்லாத சுவரின்மேல் மோதிய காற்று எழும்பித் தாண்டி, மறுபுறத்தில் சுழன்று கீழே விழும். அவ்விடத்திலுள்ள கன்றுகள் வெட்டவெளியிலுள்ளவற்றைக் காட்டிலும் அதிகமாக அலைக்கழியும்.

காற்றை முழுதும் நிறுத்த முயலாமல், சல்லடையில் வடிப்பதைப்போல் அதன் வேகத்தைத் தளர்த்துவதே சரியான முறை. காப்பு வரிசையின் முகப்பில் 100 பங்கில் 40 முதல் 50 பங்கு வரை இடைவெளியாயிருப்பது உத்தமம். வேகம் பாதியாகக் குறைந்தால், மரத்தைத் தள்ளும் விசை நாலில் ஒரு பங்காகக் குறைகிறது. மணலைத் தூக்கிச் செல்லும் சக்தியோ ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆகவே காற்றைப் பாதி தளர்த்தினாலேயே மண் பெரும்பாலும் தன் இடத்தில் நின்றுவிடும்.

காப்பு வரிசையினால் உண்டாகும் பயன் அதன் உயரத்தைப் பொறுத்தது. வரிசையின் உயரத்தைப்போல் 10 மடங்கு தூரம் வரையில் நல்ல பாதுகாப்பும், 20 மடங்கு வரையில் சிறிது பாதுகாப்பும் கிடைக்கும். காற்று வரிசையின் இரு முனைகளையும் சுற்றிக்கொண்டு வருமாதலால், வரிசையின் நீளம் அதன் உயரத்தைப்போல் 10 மடங்குக்குக் குறையாமலிருக்க வேண்டும். நடுவில் திறப்பு வைத்தால் அத்திறப்பின் வழியாகக் காற்று குழாயில் புகுவதுபோல் முன்னிலும் வேகமாகப் பாயும். வண்டிப்பாதை அவசியமானால் அதை நேராக விடாமல் கோணலாக விடுதல் வேண்டும்.

ஓர் உதாரணத் தோட்டம்

கணக்கு விளங்குவதற்காக, 3 ஏக்கர் தோட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது தென்வடலாக 300 அடி அகலமும், மேற்கே தேரியிலிருந்து கிழக்கே கடற்புறம் வரை 435 அடி நீளமும் உடையது. மேல் ஓரத்திற்கும் கீழ் ஓரத்திற்கும் 13 அடி உயர வித்தியாசம். அதாவது 100 அடிக்கு 3 அடி வீதம் சரிவு. பார்வைக்கு இது பெரிய சரிவாகத் தோன்றாது. ஆனால் ஓர் ஏக்கரில் 1 அங்குல மழை பெய்தால் விழும் நீர் ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர். மூன்று ஏக்கரில் ஒரே இரவில் 3 அங்குலம் பெய்தால் 9 லட்சம் லிட்டர் நீர் இச்சரிவில் இறங்க முயலும். அதில் ஒரு பகுதி ஓடினாலும் போதும், கீழ் மூலையில் ஓடை விழுந்துவிடும்.

மேல் ஓரக் காப்பு 30 அடி அகலத்தில் ஐந்து வரிசைகளாக அமையலாம். வரிசைக்கு வரிசை 6 அடியும், செடிக்குச் செடி 6 அடியும் விட்டு, ஒரு வரிசையின் செடி அடுத்த வரிசையின் இடைவெளிக்கு நேரே வரும்படி நட வேண்டும். காற்று வரும் பக்கத்தில் முதல் வரிசை உடைமரம். இது தேரியிலேயே இயல்பாக வளர்வது. குடைபோல் தாழ்ந்து பரந்து மணலைப் பிடிக்கும். எல்லைக்கு அப்பால் அண்டை நிலம் சாகுபடியிலிருந்தால், முள்ளும் நிழலும் வம்புக்கு இடமாகுமாதலால், உடைக்குப் பதிலாக நொச்சியை வைத்தல் சிலாக்கியம். நொச்சியை ஆடும் மாடும் கடிப்பதில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் சவுக்கு. நான்காவது புன்னை. பயிரின் பக்கமாயுள்ள ஐந்தாவது வரிசை பனை.

சவுக்கு விரைவில் உயர்வது. உப்புக் காற்றைத் தாங்குவது. தன் வேர் முடிச்சுகளின் மூலம் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்ப்பது. முதல் இரண்டு கோடைகளிலும் நீர் ஊற்றிக் காப்பாற்றினால் நாலைந்து ஆண்டுகளில் 30 அடி உயரத்தை எதிர்பார்க்கலாம். ஆனால் சவுக்கை மட்டும் நம்புதல் கூடாது. அடிக்கிளைகளை விறகுக்காகக் கழித்துவிட்டால், காற்று மேலே தடைபட்டுக் கீழே வேகமாகப் பாயும். வெட்டிய அடிமரம் மறுபடி நன்றாகத் தழைப்பதும் அரிது. புன்னையும் பனையும் மெதுவாக வளர்பவை. எனினும் சவுக்கு தீரும் காலத்தில் அவை தோட்டத்தைக் காக்கும் நிலைக்கு வந்திருக்கும். ஆடி, ஆவணியில் விழும் பனம்பழத்தின் கொட்டைகளை நேரே குழியிலிட்டு முளைக்க வைக்கலாம். நாற்றுச் செலவு இல்லை.

கீழ் ஓரக் காப்பும் 30 அடி அகலமே. கடற்புறத்திலிருந்து தாழை, பூவரசு, சவுக்கு, சவுக்கு, புன்னை என்ற வரிசையில், கூரைச் சரிவுபோல் தாழ்விலிருந்து உயர்வாக அமைய வேண்டும். உப்புத் துளியை முதலில் தாழையும் பூவரசும் ஏற்றுக்கொள்ளும். காற்று சரிவின்மேல் ஏறித் தளர்ந்து செல்லும். பூவரசைப் போத்து வெட்டி நட்டாலே துளிர்க்கும். வேலிக்கு வெளியே கடற்கரை மணலில் தாமே படர்ந்திருக்கும் அடம்பங்கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் ஒருபோதும் பிடுங்கலாகாது. மணலைக் கட்டிவைத்திருப்பவை அவையே.

சவுக்கின் வேர்கள் மேலாகப் பக்கங்களில் ஓடிப் பயிரின் ஈரத்தை உறிஞ்சும். இதற்காகக் காப்புக்கும் பயிருக்கும் இடையில் 2 அடி ஆழத்தில் ஒரு கிடங்கு வெட்டி, ஆண்டுக்கொரு முறை வேரைத் தறித்துவிட வேண்டும். அக்கிடங்கில் சருகும் குப்பையும் சேர்ந்து நல்ல மட்குரமாகும்.

சீமைக்கருவேலை மட்டும் காப்பு வரிசையில் சேர்க்க வேண்டாம். அது தடையின்றி வளர்வதைக் கண்டு சிலர் ஆசைப்படலாம். ஆனால் ஆடு மாடுகள் அதன் காயைத் தின்று விதையைத் தோட்டமெங்கும் பரப்பிவிடும். பிறகு அதை ஒழிப்பதே தனி வேலையாகிவிடும்.

ஏழில் ஒரு பங்கு

இவ்விரு காப்புகளுக்கும் செல்லும் நிலம் 18,000 சதுர அடி, அதாவது சுமார் 41 செண்டு. மூன்று ஏக்கரில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. இவ்வளவு நிலத்தைக் காற்றுக்கு விட்டுக்கொடுப்பதா என்று எந்தக் குடியானவரும் கேட்பது நியாயமே. காற்றுக்கு நாம் கொடாவிட்டாலும் அது தானே எடுத்துக்கொள்கிறது என்பதே அதற்கு விடை. மேல் ஓரத்தில் மணல் மூடிய பகுதியையும், கீழ் ஓரத்தில் உப்பால் கருகிய பகுதியையும், இடையே பூ உதிர்ந்து காய் பிடியாத மரங்களையும் கூட்டிப் பார்த்தால், பல தோட்டங்களில் நஷ்டம் ஏழில் ஒன்றுக்கு மேலாகவே நிற்கும். மேலும் காப்பு நிலம் சும்மா கிடப்பதன்று. சவுக்குக் கழி, பனையோலை, நுங்கு, பதநீர், புன்னை விதை, பூவரசந்தழை ஆகிய அனைத்தும் வரவே.

ஆனால் இங்கேதான் பெரிய தவறு நேர்வது வழக்கம். ஐந்தாறு ஆண்டுகள் கழித்துச் சவுக்குக் கழிக்கு நல்ல விலை வந்தவுடன், இரு வரிசைகளையும் ஒரே நாளில் வெட்டி விற்றுவிடுகிறார்கள். அவ்வாண்டு ஆடியில், நிழலில் வளர்ந்து பழகிய முருங்கையும் வாழையும் ஒருசேர முறிகின்றன. கழியினால் வந்த பணத்தைக் காட்டிலும் போனது அதிகமாகிறது. ஆதலால் ஒரு முறைக்கு ஒரு வரிசைதான் வெட்ட வேண்டும். அவ்விடத்தில் உடனே நாற்று நட்டு, அது 15 அடி வளர்ந்த பின்னரே மற்ற வரிசையில் கத்தி வைக்க வேண்டும். இக்கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதை மறவாதிருக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

புயலைப் பற்றியும் ஒரு வார்த்தை கூற வேண்டும். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி தானே புயல் கடலூர்ப் பகுதியில் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் கணக்கற்ற தென்னைகளை வீழ்த்தியது. அத்தகைய காற்றை எந்தக் காப்பு வரிசையும் நிறுத்தாது. ஆயினும் அன்று தென்னைகள் விழுந்த ஊர்களிலும் பனைகள் பெரும்பாலும் நின்றன. தோட்டம் முழுவதையும் ஒரே மரத்தின்மேல் வைத்தவர் ஒரே இரவில் அனைத்தையும் இழக்க நேரும் என்பதும், காப்பில் பனைக்கு இடம் உண்டு என்பதும் இதனால் விளங்கும்.

சரிவும் மழைநீரும்

காற்றுக்கு அடுத்தது நீர். உழவும் பாத்தியும் மேலிருந்து கீழாகச் செல்லும் தோட்டங்களில், நாமே நீருக்கு வாய்க்கால் வெட்டிக்கொடுத்தவர்களாகிறோம். உழவு, வரப்பு, நடவு மூன்றும் சரிவுக்குக் குறுக்காக, ஒரே மட்டத்தில் செல்ல வேண்டும்.

மட்டம் பார்ப்பதற்கு விலையுயர்ந்த கருவி அவசியமில்லை. ஏறக்குறைய 7 அடி நீளமுள்ள இரு கம்புகளை மேலே சேர்த்துக் கட்டி, கீழே 6 அடி அகலத்தில் விரித்து, நடுவில் குறுக்குச் சட்டம் ஒன்றைப் பிணைக்க வேண்டும். உச்சியிலிருந்து ஒரு கயிற்றில் கல்லைத் தொங்கவிட வேண்டும். சமதரையில் நிறுத்திக் கயிறு குறுக்குச் சட்டத்தில் படும் இடத்தைக் குறித்து, கால்களை இடம் மாற்றி வைத்து மறுபடி குறித்து, இரண்டிற்கும் நடுவே கோடிட்டுக்கொள்ளலாம். பிறகு நிலத்தில் ஒரு காலை நிறுத்தி, கயிறு அக்கோட்டில் நிற்கும் வரை மறுகாலை நகர்த்தினால் இரு கால்களும் ஒரே மட்டத்தில் இருக்கும். இவ்விதம் அடி அடியாகச் சென்று முளை அடித்து வந்தால் மட்டக்கோடு கிடைத்துவிடும்.

100 அடிக்கு 3 அடி சரிவுள்ள நிலத்தில், 3 அடி இறக்கத்திற்கு ஒரு வரப்பு வீதம் போதுமானது. நமது உதாரணத் தோட்டத்தில் மேலிருந்து 100, 200, 300, 400 அடிகளில் நான்கு வரப்புகள் அமையும். நான்காவது கீழ்க்காப்பின் உட்புறத்தை ஒட்டி நிற்கும். வரப்பு 4 அடி அடியகலமும் ஒன்றரை அடி உயரமும் இருக்கலாம். வெறும் மணல் வரப்பு ஒரு மழைக்கு நில்லாது. ஆகவே அதன் மேற்சரிவில் வெட்டிவேர்த் தூர்களை அரை அடிக்கு ஒன்றாக நெருக்கமாக நட வேண்டும். வேர் நேரே கீழிறங்கி மண்ணைப் பிடிக்கும். தூர்கள் சேர்ந்து உயிருள்ள அணையாக நின்று, நீரை வடித்து வண்டலை நிறுத்திக்கொள்ளும். மிகுதி நீர் செல்ல ஒவ்வொரு வரப்பின் முனையிலும் கல் பரப்பிய சிறு கலிங்கு விடவேண்டும். அடுத்தடுத்த வரப்புகளில் கலிங்கை எதிரெதிர் முனைகளில் வைத்தால் நீர் நேரே பாயாமல் நின்று நின்று இறங்கும்.

இதே வரப்புகளின்மேல் அகத்தியையும் கிளைரிசிடியாவையும் வரிசையாக வைத்து 12 முதல் 15 அடி உயரத்தில் நிறுத்தினால், அவை உட்காப்பாகவும் உதவும். 12 அடி உயரமுள்ள வரிசை 120 அடி தூரத்தைக் காக்கும். வரப்புகளோ 100 அடிக்கு ஒன்றாக இருக்கின்றன. கழித்த தழை ஆட்டுக்கும் ஆகும், எருவுக்கும் ஆகும்.

மணலுக்கு நீரைப் பிடிக்கும் குணம் குறைவு. கோடையில் குளத்துக் கரம்பையை அனுமதி பெற்று எடுத்து, மரக்குழிகளிலும் பாத்திகளிலும் கலத்தல் மிகுந்த பலனளிக்கும். மழைத் தொடக்கத்தில் கொழிஞ்சி விதைத்து வைத்தால் தரை மூடியிருக்கும். அதைக் கால்நடைகள் விரும்பி மேய்வதில்லை. அதைப் பிடுங்காமல் அறுத்து மரத்தடியில் பரப்பிவிட்டால் வேர் மண்ணைப் பிடித்திருக்கும்.

கிணறு

கரையோர நிலங்களில் நிலத்தடி நல்லநீர், கீழேயுள்ள கடல்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நல்லநீரின் மட்டம் கடல்மட்டத்திற்கு 1 அடி மேலிருந்தால், அதன் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம் வரை நல்லநீர் இருக்கும் என்பது கணக்கு. இதை மறுபுறமாகப் பார்த்தால் ஆபத்து விளங்கும். அதிகம் இறைத்து மட்டத்தை 1 அடி நிரந்தரமாகத் தாழ்த்தினால், உப்புநீர் கீழிருந்து 40 அடி அளவு மேலேறக்கூடும். ஒருமுறை உவர்த்த கிணறு எளிதில் நன்னீராகாது. திருச்செந்தூர், உடன்குடிப் பகுதிகளில் உவர்நீர் உட்புகுந்த கிணறுகள் பல உள்ளன.

ஆகவே தோட்டத்தின் கீழ் ஓரத்தில் ஆழ்துளை போடுவதை விட்டு, நடுச்சரிவிலோ அதற்கு மேலோ ஆழமில்லாத திறந்த கிணறு வைத்து, சிறிது சிறிதாக இறைத்துச் சொட்டுநீர் முறையில் பாய்ச்சுதல் நலம். மேலே வரப்புகள் நிறுத்திய மழைநீர் மணலில் இறங்கி இதே கிணற்றுக்கு வந்து சேரும். மாசியிலும் ஆனியிலும் கிணற்று நீரையும் மண்ணையும் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்பிப் பார்க்க வேண்டும். மண் சாற்றின் மின்கடத்துதிறன் 4 டெசிசீமன்ஸுக்கு மேற்பட்டால் அது உவர்நிலமெனக் கொள்ளப்படும். அங்கே பயிரைத் தேர்ந்தே வைக்க வேண்டும்.

பயிர்களின் இடம்

மேல்காப்பிற்கும் முதல் வரப்பிற்கும் இடையே, ஈரம் குறைந்த பகுதியில், 23 அடி இடைவெளியில் மூன்று வரிசை முந்திரி வைக்கலாம். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து ஒட்டுக்கன்றுகள் இதற்கு ஏற்றவை. முதல் வரப்பிலிருந்து மூன்றாம் வரப்பு வரையுள்ள நடுப்பகுதியே காற்றின் தொல்லை மிகக் குறைந்த இடம். எளிதில் முறியும் முருங்கைக்கும், வாழைக்கும், காய்கறிக்கும் இதை ஒதுக்க வேண்டும். முருங்கையை 3 அடி உயரத்தில் கிள்ளிவிட்டுப் பக்கக்கிளைகளை வளர்த்தால் காற்றில் ஒடிவது குறையும். மூன்றாம் நான்காம் வரப்புகளுக்கு இடையே தென்னை. 25 அடிக்கு ஒன்றாக நான்கு வரிசைகளில் 48 கன்றுகள் வைக்கலாம். குழி 3 அடி ஆழம் எடுத்து, அடியில் தேங்காய் மட்டையைக் குழிந்த பக்கம் மேலாக அடுக்கினால் ஈரம் தங்கும்.

ஒவ்வொரு மரத்திற்கும் கீழ்ப்புறத்தில் பிறைவடிவமாகக் கரை அணைக்க வேண்டும். இளங்கன்றுகளுக்கு முதல் ஆண்டில் பனையோலைத் தட்டி மறைப்பு வைக்கலாம். அது நெருக்கமாயிராமல் காற்று வடிந்து செல்லும்படி இருக்க வேண்டும். உப்புக்காற்று பலமாக வீசி ஓய்ந்தபின் மழை இல்லையெனில், இலைகளை நல்லநீரால் கழுவிவிட்டால் கருகல் பெரிதும் குறையும்.

வேலை வரிசை

முதல் ஆண்டு ஆனி, ஆடியில் காற்றைக் கவனித்துக் குறிப்பெடுத்தல். ஆவணியில் மட்டம் பார்த்து வரப்பு போடுதல், பனங்கொட்டை ஊன்றுதல். புரட்டாசி, ஐப்பசியில் காப்பு வரிசைகளையும் வெட்டிவேரையும் நடுதல். எஞ்சிய இடமெங்கும் கொழிஞ்சி விதைத்தல். இவ்வாண்டில் வேறெதுவும் நட வேண்டாம். இரண்டாம் ஆண்டில் வரப்புகளின்மேல் அகத்தி, மேற்பகுதியில் முந்திரி. மூன்றாம் ஆண்டில் தென்னையும் முருங்கையும். வாழையும் காய்கறியும் அதன் பின்னர். முன்பே பலன் தந்துகொண்டிருக்கும் பழைய மரங்களை இதற்காக வெட்ட வேண்டியதில்லை. அவற்றைச் சுற்றியே புதிய அமைப்பைச் செய்துகொண்டு, புதியவை காய்க்கத் தொடங்கியபின் பயனற்றவற்றைக் கழித்துவிடலாம்.

இரண்டு ஆண்டுகள் வரவின்றிப் பொறுத்தல் சிறு குடியானவருக்கு எளிதன்று. அப்படிப்பட்டவர், தோட்டத்தை ஒரே தடவையில் திருத்தாமல், மேல் ஓரக் காப்பையும் முதல் இரு வரப்புகளையும் மட்டும் முதலில் முடித்து, கீழ்ப்பகுதியில் வழக்கமான சாகுபடியை நடத்திக்கொள்ளலாம்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு

30 அடி உயரக் காப்புக்கு 300 அடி நீளம் வேண்டுமென்று மேலே கூறினோம். நமது கடற்கரையில் பாகப்பிரிவினையால் 60 அடி, 80 அடி அகலத் துண்டுகளாகிவிட்ட தோட்டங்களே அதிகம். தனியொருவர் தம் 60 அடியில் வைக்கும் காப்பைக் காற்று இருபுறமும் சுற்றிக்கொண்டு வந்துவிடும். நாலைந்து அண்டை நிலக்காரர்கள் ஒரே கோட்டில், ஒரே மழையில் நட்டாலன்றிப் பயனில்லை. வரப்பும் அவ்விதமே, மேல்நிலத்துக் கலிங்கு கீழ்நிலத்துப் பயிரில் பாய்ந்தால் அது வழக்கில் முடியும். நடுவதற்கு முன்பே கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் அண்டைக்காரர்களை ஒன்றுகூட்டி, காப்பின் கோடு, கலிங்கின் இடம், வேர்க்கிடங்கின் பொறுப்பு, சவுக்கு வெட்டும் முறை ஆகிய நான்கையும் எழுத்தில் முடிவு செய்துவைத்தால், பின்னால் வரும் தகராறுகள் பெரும்பாலும் தலையெடுக்கா.

கடற்கரைப் புறம்போக்கிலுள்ள மணற்குன்றுகளை வெட்டிச் சமன் செய்வதும் மணல் எடுப்பதும் தோட்டங்களுக்கு முன்னுள்ள முதல் காப்பை அழிப்பதாகும். 1991-ஆம் ஆண்டில் வெளியாகிப் பின்னர் 2011-லும் 2019-லும் திருத்தி வெளியிடப்பட்ட கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள் இத்தகைய வேலைகளைக் கட்டுப்படுத்துகின்றன. கரையை ஒட்டி நிலத்தைச் சமன் செய்யவோ ஆழ்துளை போடவோ எண்ணுவோர் முன்னதாக விசாரித்துக்கொள்ளும்படி அலுவலர்கள் எச்சரித்தல் வேண்டும். நாற்று நட்ட முதல் இரண்டு ஆண்டுகளில் ஆடுகளை அப்பக்கம் ஓட்டாதிருக்கச் செய்வதும் அவர்கள் கையிலேயே உள்ளது.

இம்முறைகளில் எதுவும் நம் முன்னோர் அறியாததன்று. பழைய தோட்டங்களின் எல்லையில் இன்றும் நிற்கும் பனைவரிசைகளும், தாழை வேலிகளும் அதற்குச் சாட்சி. துண்டு துண்டாகப் பிரிந்தபோது ஒவ்வொருவராக எல்லை மரங்களை விற்றுவிட்டோம். காற்று உள்ளே வந்துவிட்டது. வரும் புரட்டாசிக்குள் அண்டைக்காரர்கள் கலந்து பேசி, மேல் ஓரத்தில் ஒரு வரிசையையாவது சேர்ந்து நடத் தொடங்குவார்களென்று நம்புகிறோம்.